பின்வாசலில் இருந்து சென்னை ஓட்டல்கள்

ஏலக்காய் விளைகிற ஊரில் ஏலக்காய் தின்கிறவர் குறைவு. சாந்தன்பாறையில் எங்கள் வீட்டில் ஓணத்துக்கோ பொங்கலுக்கோ பாயசம் வைத்தால் நாலு காய் தட்டிப் போடுவார்கள். அடைமழைக் காலத்தில் கட்டன் சாயாவில் ஒரு காய் விழும். மிச்சமெல்லாம் காசு. காசைக் கொதிக்க வைத்துக் குடிக்க அம்மாவுக்கு மனசு வராது.

எங்கள் மலையின் காயைத் தின்று தீர்ப்பவை வெளியூர்ச் சமையலறைகள்தான். அப்பா ஏலக்காய் ஸ்டோரில் காய் உலர்த்துகிற வேலையில் இருந்தார். பச்சைக் காய் ஐந்து கிலோ ஏறினால் உலர்ந்து இறங்குவது ஒரு கிலோ. அந்த ஒரு கிலோவைச் சென்னைக்குக் கொண்டுபோய்ப் பாரிமுனை மண்டிகளிலும் ஓட்டல்களிலும் கொடுப்பது என் தொழிலாயிற்று. சாந்தன்பாறை என்றால் அங்கே ஒருவருக்கும் தெரியாது. போடிமெட்டு ஏறி, பூப்பாறை வந்து, அங்கிருந்து நெடுங்கண்டம் போகிற வழி என்று சொல்லி முடிப்பதற்குள் அடுத்த சரக்கு வந்து இறங்கிவிடும். அதனால் எல்லா ஓட்டலிலும் நான் ‘போடிக்காரர்’. பிழைப்புக்குப் போடி, பேச்சுக்குத் தமிழ், ரேஷன் கார்டுக்குக் கேரளம் என்று 1956 நவம்பரில் மாநிலங்களைப் பிரித்தபோதே எங்கள் தலையில் எழுதியாகிவிட்டது. பேரைப் பற்றிப் பெரிதாகக் கவலைப்படுவதில்லை.

சரக்கு போடுகிறவனுக்கு எந்த ஓட்டலிலும் பின்வாசல்தான். உடுப்பி வகை ஓட்டல்களுக்கு ஏலரிசி போதும். கேசரிக்கும் பாசந்திக்கும் பொடித்துப் போடுவார்கள். பிரியாணிக் கடைக்கு முழுக்காய் வேண்டும், கொஞ்சம் வெளுத்திருந்தாலும் பாதகமில்லை. நட்சத்திர ஓட்டல்காரர்கள் 8 மில்லிமீட்டருக்குக் குறைந்தால் தொடமாட்டார்கள். பச்சை மாறியிருக்கவும் கூடாது. இப்படி வாசல் வாசலாக நின்றதில் எனக்கு ஓர் எண்ணம் உறுதிப்பட்டிருக்கிறது. புது ஓட்டல் ஒன்று வந்தால் பத்திரிகைகளில் அதன் சமையலைப் பற்றித்தான் எழுதுகிறார்கள். ஆனால் சென்னையில் நூறு வருஷமாகப் புதுசு என்று வந்தவற்றைப் பார்த்தால், இலையில் விழுவது கொஞ்சம்தான் மாறியிருக்கிறது. இலைக்கு முன்னால் யார் உட்காரலாம் என்பதுதான் ஒவ்வொரு தடவையும் மாறியிருக்கிறது.

ஓட்டலுக்கு முந்திய காலத்தில் வழிப்போக்கனுக்குச் சத்திரம் இருந்தது, கையில் கட்டுச்சோறு இருந்தது. சோற்றை விலைக்கு விற்பதும் வாங்கித் தின்பதும் கௌரவமான காரியமாக இல்லை. மவுண்ட் ரோட்டில் துரைமார்களுக்கு மேசை நாற்காலியும் வெள்ளைத் துணி விரிப்புமாக ஓட்டல்கள் வந்தது வேறு கதை. அவற்றில் பேர்பெற்ற டி ஆஞ்செலிஸ் ஓட்டலின் முதலாளி 1910இல் சொந்தமாக விமானம் செய்வித்துப் பல்லாவரத்தில் பறந்து காட்டியவர். வானத்துக்கே போய்வந்தார் என்றாலும் அவர் ஓட்டல் மேசையில் உள்ளூர் ஆள் சகஜமாக உட்கார்ந்துவிட முடியாத காலம் அது.

உள்ளூர்க்காரர்களுக்கு வந்தது காப்பி கிளப். காப்பி பரவப் பரவ, பட்டணத்துக்குக் குமாஸ்தாக்களும் மாணவர்களும் வர வர, தெருவுக்குத் தெரு கிளப்புகள் முளைத்தன. பலகையில் ‘பிராமணாள்’ என்று எழுதியிருக்கும். சமைப்பவர் யார் என்பதற்கான உத்தரவாதம் அது என்றார்கள் முதலாளிகள். நடைமுறையில் அது உட்காருகிறவனுக்கும் சேர்த்தே எழுதியதாக இருந்தது. பல இடங்களில் பிராமணர்களுக்கு உள்ளே தனி இடம், மற்றவர்களுக்கு வெளியே. தாழ்த்தப்பட்டவர்களுக்கு எங்கேயும் இடமில்லை. ரயில் நிலையச் சிற்றுண்டிச் சாலைகளில்கூட இந்தப் பிரிவினை இருந்தது. எல்லா ஜாதிக்காரனும் ஒரே கட்டணத்தில் டிக்கெட் வாங்கி ஒரே வண்டியில் வந்து இறங்கி, காப்பி குடிக்க மட்டும் தனித்தனியாகப் பிரிந்தார்கள். நீதிக்கட்சியும் பெரியாரும் தொடர்ந்து கிளர்ச்சி செய்ததில் 1941இல்தான் ரயில் நிலையங்களில் அது ஒழிந்தது.

நாடு குடியரசானபோது அரசியலமைப்பின் 15ஆவது பிரிவில், சாதி மதம் சொல்லி யாரையும் தடுக்கக் கூடாத இடங்களை வரிசைப்படுத்தியிருக்கிறார்கள். கடைகளும் பொது உணவகங்களும் ஓட்டல்களும் அதில் பேர் சொல்லியே வருகின்றன. நாட்டின் தலையாய சட்டத்தில் சாப்பாட்டுக் கடைக்கு ஒரு வரி ஒதுக்க வேண்டியிருந்தது என்றால், அந்தப் பெஞ்சில் உட்காருவது எவ்வளவு பெரிய விவகாரமாக இருந்திருக்க வேண்டும்!

இதற்கிடையில் தென் கன்னடத்தில் இருந்து ஒருவர் பட்டணம் வந்து சேர்ந்திருந்தார். உடுப்பிப் பக்கத்துக் கடந்தலையில் பிறந்த கே. கிருஷ்ண ராவ், சமையலறை எடுபிடியாகத் தொடங்கியவர். 1920களில் ஜார்ஜ் டவுன் ஆச்சாரப்பன் தெருவில் சின்னதாக ஓர் ஓட்டல் நடத்தினார். நான் காய் போடுகிற மண்டிகளில் இருந்து நடந்துபோகிற தூரம்தான். பிறகு மவுண்ட் ரோடு. 1938இல் ராயப்பேட்டையில் ராமநாதபுரம் ராஜாவின் மாளிகையைக் குத்தகைக்கு எடுத்து உட்லண்ட்ஸ் ஆரம்பித்தார். ராஜா வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து இட்லி சாப்பிடலாம், காசு இருந்தால் போதும். இட்லி அதே இட்லிதான், உட்காருகிற கூடம் வேறு. 1950களில் எட்வர்டு எலியட்ஸ் ரோட்டில், இன்றைய ராதாகிருஷ்ணன் சாலையில், நியூ உட்லண்ட்ஸ் வந்தது. 1962இல் கதீட்ரல் ரோட்டில் டிரைவ்-இன் உட்லண்ட்ஸ். மரநிழலில் காரை நிறுத்தினால் கார்க் கதவில் மாட்டுகிற தட்டில் டிபன் வந்துவிடும். நாற்காலியே தேவையில்லை, அவனவன் சீட்டை அவனவனே கொண்டு வருகிறான்! ஆனால் அந்த இடம் பேர் வாங்கியது காரில் வந்தவர்களால் இல்லை. நடந்து வந்து, உள்ளே ஒரு காப்பியைச் சொல்லிவிட்டு மணிக்கணக்கில் உட்கார்ந்திருந்த மாணவர்களும் விற்பனைப் பிரதிநிதிகளும் எழுத்தாளர்களும்தான் அதற்கு ஆள் சேர்த்தார்கள். சீக்கிரம் எழுந்திரு என்று யாரும் சொல்லாத ஓட்டல் என்று இன்றும் அதைப் பற்றிப் பேசுகிறார்கள். 2008இல் அது மூடப்பட்டது. 2010 நவம்பரில் அங்கே செம்மொழிப் பூங்கா திறந்தார்கள்.

1957ஆம் வருஷத்தைத் தனியாகச் சொல்ல வேண்டும். அந்த மே மாதம் திருவல்லிக்கேணி முரளி கஃபேக்கு முன்னால் பெரியாரின் தொண்டர்கள் மறியலைத் தொடங்கினார்கள். பலகையில் ‘பிராமணாள்’ என்று இருப்பதை அழி என்பதுதான் கோரிக்கை. தினமும் ஒரு குழு போகும், கைதாகும். மறுநாள் அடுத்த குழு. கைதானவர்கள் ஆயிரத்தைத் தாண்டினார்கள். மாதக்கணக்கில் நடந்து, 1958இல் அந்தச் சொல் இறங்கியது.

அதே 1957இல் ஆகஸ்டு மாதம் பெங்களூரில் இன்னொன்று நடந்தது. காபி போர்டு தான் நடத்திவந்த காபி ஹவுஸ்களை மூடியதில் தொழிலாளர்கள் தெருவில் நின்றார்கள். ஏ.கே. கோபாலன் அவர்களைத் திரட்டி, நீங்களே நடத்துங்கள் என்று கூட்டுறவுச் சங்கம் அமைக்க வைத்தார். 1958இல் திருச்சூரில் எங்கள் மாநிலத்தின் முதல் இந்தியன் காபி ஹவுஸ் திறந்தது. அங்கே விசிறி மடிப்புத் தலைப்பாகையோடு காப்பி கொண்டு வருகிறவர்களின் சங்கத்துக்குத்தான் கடையே சொந்தம். ஒரே வருஷத்தில் திருவல்லிக்கேணியில் யார் உட்காரலாம் என்று சண்டை, பெங்களூரில் யார் கல்லாவில் உட்காரலாம் என்பதற்கு விடை. எல்லையில் பிறந்தவன் என்பதால் எனக்கு இரண்டையும் சேர்த்துத்தான் நினைக்க வருகிறது.

மேசை நாற்காலியை எல்லோருக்கும் போட்ட இன்னொரு வழி அசைவ ஓட்டல்களுடையது. திருநெல்வேலிச் சீமையில் இருந்து சின்ன வயதிலேயே கொழும்புக்குப் போய்த் தொழில் கற்று வந்த ஏ.எம். புகாரி, 1951இல் மவுண்ட் ரோட்டில் தன் பேரிலேயே ஓட்டல் திறந்தார். பிரியாணி, சமோசா, டீ. எந்த ஜாதி என்று கேட்க வழியே இல்லாத மேசை. 1965இல் தாங்கள்தான் சிக்கன் 65ஐ அறிமுகப்படுத்தினோம் என்று அந்த ஓட்டல் சொல்கிறது. அதே கணக்கில் சிக்கன் 78, 82, 90 என்று வருஷத்தையே பேராக வைத்துத் தொடர்ந்தார்கள். ராயப்பேட்டையில் பொன்னுசாமி, 1964இல் அஞ்சப்பர் என்று மெஸ்ஸாகத் தொடங்கியவை பின்னால் கடல் கடந்து கிளை விட்டன. ‘மிலிட்டரி ஓட்டல்’ என்ற பலகை வெட்கமில்லாமல் தெருவைப் பார்த்து நின்றது. கறி தின்கிறவன் தலையைக் குனிந்துகொண்டு ஓட்டலுக்குள் நுழைய வேண்டியதில்லை என்று அது சொன்னது.

பெண்கள் மட்டும் இன்னும் பாக்கி. சின்ன வயதில் சென்னையில் நான் பார்த்த ஓட்டல் பலவற்றில் ‘ஃபேமிலி ரூம்’ என்று மரத்தடுப்பும் திரையும் போட்ட மூலை ஒன்று இருக்கும். குடும்பத்தோடு வந்த பெண்ணுக்கு அந்த மூலை. தனியாக வந்த பெண்ணுக்கு எது என்று யாரும் யோசித்ததில்லை. அப்படி ஒருத்தி வருவாள் என்றே அவர்கள் கணக்கில் இல்லை. அந்தத் திரைகள் எப்போது கழன்றன என்று யாரும் குறித்து வைக்கவில்லை. மறியல் இல்லை, சட்டம் இல்லை. வேலைக்குப் போகிற பெண்கள் மதியம் கூட்டமாக வந்து நடுக்கூடத்தில் உட்கார்ந்தார்கள், முடிந்தது.

1981 டிசம்பரில் கே.கே. நகரில் சரவண பவன் வந்தது. ஆரம்பித்த பி. ராஜகோபால் தூத்துக்குடி மாவட்டத்துப் புன்னையடிக்காரர், மளிகைக் கடை வைத்திருந்தவர். பின்னால் கொலை வழக்கில் ஆயுள் தண்டனை பெற்று 2019இல் இறந்தார். அந்தக் கறையை மறைத்துவிட்டு அந்த ஓட்டலின் கதையைச் சொல்ல முடியாது. ஆனால் தொழில் வரலாற்றில் அதன் இடம் பெரியது. ‘பிராமணாள்’ என்பதை இறக்க ஆயிரம் பேர் சிறைக்குப் போய்க் கால் நூற்றாண்டு ஆவதற்குள், ‘உயர்தர சைவ உணவகம்’ என்ற பலகையோடு நாடார் ஒருவர் கடை திறந்து, நாளடைவில் நகரத்தின் இட்லி சாம்பாருக்கே அளவுகோல் ஆகிவிட்டார். சுத்தத்துக்குச் சாதி உத்தரவாதம் தேவையில்லை, பளிச்சென்ற டைல்ஸும் வாழையிலையும் போதும் என்று ஊர் ஒத்துக்கொண்டது.

முன்கூடம் இப்படித் திறந்தாலும் பின்கட்டு அவ்வளவு சீக்கிரம் திறக்கவில்லை. யார் வேண்டுமானாலும் சாப்பிடலாம் என்று ஆன பிறகும், பல சைவ ஓட்டல்களில் சமையல் மட்டும் குறிப்பிட்ட ஆட்கள் கையிலேயே வெகுகாலம் இருந்தது. அதை உடைத்தது கொள்கை இல்லை, ஆள் பஞ்சம். இப்போது சென்னையில் நான் மூட்டையை இறக்குகிற சமையலறைகளில் சரக்கு மாஸ்டர் தமிழர், தோசைக்கல் முன்னால் ஒடிசாக்காரர், பாத்திரம் கழுவுகிற இடத்தில் அசாம் பையன். மூணேமுக்கால் நாலு மணிக்கு, மதியச் சாப்பாடு முடிந்து டிபன் தொடங்குவதற்கு முன்னால், இவர்கள் சாப்பிடுவதைப் பார்த்திருக்கிறேன். எண்ணெய் டின்னைக் கவிழ்த்துப் போட்டு ஒருவர், அரிசி மூட்டைமேல் ஒருவர், மற்றவர்கள் நின்றபடி. அடுப்பங்கரை மேடையில் தட்டை வைத்து, ஒரு கையால் தின்றுகொண்டே மறு கையால் சாம்பார்ப் பாத்திரத்தைக் கிளறுகிறவரும் உண்டு. கூடத்தில் அந்த நேரம் அத்தனை நாற்காலியும் காலியாகக் கிடக்கும்.

நின்று சாப்பிடுவதற்கென்றே சென்னையில் தனி மரபு இருக்கிறது. தள்ளுவண்டிக் கடைக்கு ‘கையேந்தி பவன்’ என்று பேர் வைத்தது இந்த ஊரின் குசும்பு. 1960களில் பர்மாவில் இருந்து துரத்தப்பட்டு வந்த தமிழர்கள் கடற்கரை ரயில் நிலையப் பக்கம் அத்தோ வண்டிகளைப் போட்டார்கள். மஞ்சள் நூடுல்ஸும் வாழைத்தண்டு சூப்பும் நின்றபடி தின்றே நகரத்து உணவாயின. 2013 பிப்ரவரியில் அம்மா உணவகம் வந்தது: இட்லி 1 ரூபாய், சாம்பார் சாதம் 5 ரூபாய், தயிர் சாதம் 3 ரூபாய். சமைப்பவர்கள் சுய உதவிக் குழுப் பெண்கள். அங்கேயும் பெரும்பாலும் எவர்சில்வர் மேசையில் வைத்து நின்றுதான் சாப்பிட வேண்டும். ஆனால் ஆட்டோ ஓட்டுநரும் கையில் ஃபைல் வைத்திருக்கிற பையனும் தோளோடு தோள் நிற்பார்கள். பட்டணத்தின் மிகச் சமமான மேசை எது என்று கேட்டால் நான் அதைத்தான் காட்டுவேன்.

மறுகோடியில் இன்றைய புதுசு இருக்கிறது. கிண்டி ஐ.டி.சி. கிராண்டு சோழாவில் 2017இல் திறந்த அவர்தனாவில் நாம் எதையும் தேர்ந்தெடுத்துச் சொல்வதில்லை. 7 முதல் 13 வகை வரை ஒன்றன்பின் ஒன்றாக அவர்களே கொண்டுவந்து வைக்கிறார்கள். தக்காளி ரசத்தைக் கண்ணாடிபோலத் தெளிய வைத்து மதுக்கிண்ணத்தில் ஊற்றுகிறார்கள். ஆசியாவின் சிறந்த 50 உணவகங்கள் பட்டியலில் 2024இல் அது 44ஆவது இடத்துக்கு வந்தது, 2025இல் 30ஆவது. நியூயார்க்கில் ‘செம்ம’ என்ற ஓட்டல் 2022இல் மிஷெலின் நட்சத்திரம் வாங்கியது. அதன் சமையல் தலைவர் விஜய் குமார், திண்டுக்கல் மாவட்டம் நத்தம் பக்கத்துக்காரர். வயல்காட்டில் பொறுக்கித் தின்ற நத்தையை அங்கே பிரட்டிப் பரிமாறி, 2025இல் ஜேம்ஸ் பியர்டு விருதும் பெற்றார். ஏழை வீட்டுக் கறி என்று வெளியில் சொல்லவே கூச்சப்பட்ட பண்டத்துக்கு நாற்காலி கிடைத்திருக்கிறது. எங்கள் பக்கத்தில் இருந்து போன ஆள் என்பதால் எனக்கும் அதில் கொஞ்சம் பெருமை உண்டு.

இந்தப் புது அலையில் சரக்கு போடுகிறவன் நிலையும் மாறியிருக்கிறது. சமீபத்தில் நகரத்துப் புது உணவகம் ஒன்றில் சமையல் தலைவர், முப்பது வயதுகூட இருக்காது, என்னை முன்கூடத்துக்கே கூப்பிட்டார்.

“இப்படி உட்காருங்க அண்ணே. இது எந்தத் தோட்டத்துக் காய்? எந்த மாசம் எடுத்தது?”

காயை நகத்தால் பிளந்தார். உள்ளே விதை கறுத்து, பிசுபிசுவென்று ஒன்றோடொன்று ஒட்டியிருந்தது. இரண்டு விதையை வாயில் போட்டு மென்று, கண்ணை மூடிக்கொண்டார். “மெனுவில் ஊர் பேரைப் போடலாமா?” என்று கேட்டார். இத்தனை காலம் போடிக்காரராகவே இருந்தவனுக்கு அது பெரிய கேள்வி. ‘சாந்தன்பாறை’ என்று எழுத்துக்கூட்டிச் சொன்னேன். எடுபடுகிற பேர் என்றார். அந்த மெனுவில் ஒரு வேளைச் சாப்பாட்டுக்குப் போட்டிருந்த தொகை, காய் எடுக்கிற பெண்ணின் பல நாள் கூலி. ஊர் உட்கார்ந்துவிட்டது, ஊர்க்காரிக்கு இன்னும் இடமில்லை. முன்பு பலகை தடுத்தது, இப்போது விலை தடுக்கிறது. விலைக்கு எதிராக மறியல் செய்ய முடியாது என்பது முதலாளிகளுக்கு வசதி.

இன்னொரு பக்கம் நாற்காலியே இல்லாத ஓட்டல்கள் பெருகிவிட்டன. ஸ்விக்கி, ஜொமாட்டோ வந்த பிறகு, பூட்டிய ஷட்டருக்குப் பின்னால் ஒரே அடுப்படியில் நாலைந்து ஓட்டல் பேர்களில் பார்சல் கட்டுகிறார்கள். அங்கே முன்வாசல் கிடையாது, எல்லாமே பின்வாசல். பை மாட்டிய பையன்கள் வெயிலில் வண்டிமேல் உட்கார்ந்து காத்திருக்கிறார்கள். யார் உள்ளே வரலாம் என்று நூறு வருஷம் சண்டை போட்ட ஊரில், யாரும் உள்ளே வர வேண்டாம் என்பதே புதுப் பாணி.

எங்கள் ஊருக்கும் புதுப் பாணி ஏறி வந்துவிட்டது. அரிக்கொம்பன் என்கிற காட்டு யானை பன்னியார் எஸ்டேட் ரேஷன் கடையை உடைத்து உடைத்து அரிசி தின்றதும், 2023 ஏப்ரலில் அதை மயக்க ஊசி போட்டுப் பிடித்துக் கொண்டுபோனதும் வரைக்கும், எங்கள் பக்கத்துச் சாப்பாட்டைப் பற்றி வெளியுலகம் அதிகம் எழுதியதாக நினைவில்லை. அதற்கு முந்திய அக்டோபரில் சாந்தன்பாறைக் கள்ளிப்பாறையில் குறிஞ்சி பூத்தபோது சாலை தாங்காத கூட்டம். இப்போது மூணாறு – தேக்கடி சாலையில் பள்ளத்தாக்கைப் பார்த்தாற்போல் கண்ணாடி வைத்த காபி ஷாப்புகள் தலையெடுக்கின்றன. கப்பையும் மீன்கறியும் பொறோட்டாவும் விற்ற கடைகளுக்கு நடுவில் பாஸ்தா வந்து உட்கார்ந்திருக்கிறது. திறப்பது காலை பத்து மணிக்கு.

புதிதாகக் கடை போட யோசிக்கிறவர்கள் என்னைப் போன்றவர்களிடம் இடம் விசாரிக்கிறார்கள். நான் சொல்வது இதுதான். காலை ஆறு மணிக்கே திறந்துவிடுங்கள். போடியில் இருந்தும் தேவாரத்தில் இருந்தும் காய் எடுக்கிற பெண்களை அள்ளிக்கொண்டு ஜீப்புகள் மலையேறி வருகிற நேரத்துக்கு அடுப்பு எரிய வேண்டும். சாலைப் பக்கமாக ரெண்டு நீள பெஞ்சு போடுங்கள். கழிப்பறையைப் பூட்டிச் சாவியைக் கல்லாவில் வைக்காதீர்கள்; பதினேழு கொண்டை ஊசி வளைவு ஏறி வருகிற பெண்ணுக்கு டீயைவிட முதலில் தேவை அதுதான். காய் எடுப்பு ஆகஸ்டில் தொடங்கி பிப்ரவரி வரை போகும். மழையில் சுற்றுலாக்காரர்கள் வராத மாதங்களில்தான் தோட்டத்தில் வேலை மும்முரம். ஜீப் ஒன்றுக்குப் பத்துப் பேர் என்று வைத்தாலும் அந்தக் கூட்டத்தின் டீ, வடைக் காசிலேயே கரண்டு பில் கட்டிவிடலாம். கேட்டவர்களில் ஒருவர்கூட இன்னும் செய்து பார்க்கவில்லை. கணக்கு மட்டும் சரியான கணக்கு.